உ. வே. சாமிநாதையரின் கடிதத் தொடர்புகள்

உ. வே. சாமிநாதையர் (பெப்ரவரி 19, 1855 - ஏப்ரல் 28, 1942) பழந்தமிழ் இலக்கியங்களை ஏட்டுச் சுவடிகளிலிருந்து தேடியெடுத்து அச்சில் பதிப்பித்த தமிழறிஞர் ஆவார். உ. வே. சா. என்றும் தமிழ்த் தாத்தா என்றும் பரவலாக அறியப்படுகிறார். ஊர் ஊராக அலைந்து சுவடி தேடியவர் என்பதே பாடநூல்கள் இவரைப் பற்றித் தரும் சித்திரம். அது உண்மையே. எனினும் அந்தப் பயணங்களுக்கு முன்னும் பின்னும் கடிதங்கள் இருந்தன. எந்த ஊரில் யாரிடம் எந்த ஏடு இருக்கிறது என்பதை அறிந்துகொள்ளவும், பாட வேறுபாடுகளை ஒப்பிடவும், அச்சுக்கு முன்பணம் திரட்டவும், ஐயங்களைத் தீர்த்துக்கொள்ளவும் இவர் முகமறியாத பலருக்கு எழுதினார்; முகமறியாத பலர் இவருக்கு எழுதினர். கும்பகோணத்திலிருந்தும் பின்னர்ச் சென்னையிலிருந்தும் நடந்த இக்கடிதப் போக்குவரத்து யாழ்ப்பாணம், கொழும்பு, ஆக்சுபோர்டு, பாரிசு ஆகிய இடங்கள் வரை நீண்டது.

முன்பின் அறியாதவர்களுடன் அஞ்சலட்டை பரிமாறிக்கொள்வது இக்காலத்தில் ஒரு பொழுதுபோக்கு. 2005ஆம் ஆண்டு போர்த்துகலில் தொடங்கப்பட்ட போசுட்டுகிராசிங் திட்டத்தின் மூலம் உலகின் பல நாட்டினர் இதில் ஈடுபட்டுள்ளனர். சாமிநாதையர் காலத்தில் இத்தகைய தொடர்பு பொழுதுபோக்காக இருக்கவில்லை. ஒரு கடிதம் தாமதமானால் ஒரு சுவடி கரையானுக்கோ நெருப்புக்கோ போய்விடக்கூடிய நிலை அன்று இருந்தது.

இளமையும் கல்வியும்

சாமிநாதையரின் சொந்த ஊர் கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். இசையுடன் இராமாயணக் கதை சொல்லிப் பிழைத்தவர். குடும்பம் வறுமையில் இருந்தது. மகனுக்கு இசையும் வடமொழியும் கற்பிக்க வேண்டும் என்று உறவினர்கள் விரும்பினாலும், மகனின் விருப்பம் தமிழ்பால் சென்றது. பல ஆசிரியர்களிடம் சிறிது சிறிதாகக் கற்ற பின், 1871ஆம் ஆண்டு மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். பிள்ளை 1876ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆம் நாள் இறக்கும் வரை அவருடனேயே இருந்தார்.

பிள்ளையிடம் பெற்ற பயிற்சிகளுள் கடிதம் எழுதுவதும் ஒன்று எனலாம். பிள்ளை சொல்லச் சொல்ல மாணவர்கள் ஏட்டில் எழுதுவது வழக்கம். நண்பர்களுக்கும் புரவலர்களுக்கும் அனுப்பும் கடிதங்களின் தலைப்பில் பிள்ளை புதிதாக ஒரு செய்யுளை இயற்றிச் சேர்ப்பதும் உண்டு. திருவாவடுதுறை ஆதீனம் அக்காலத்தில் ஒரு பெரிய தொடர்பு மையமாக விளங்கியது. ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரை நாடி வராத புலவரோ இசைவாணரோ குறைவு. தஞ்சாவூர்ச் சீமையிலும் பாண்டி நாட்டிலும் யார் யார் தமிழ் கற்றவர்கள், எந்தக் கவிராயர் வீட்டில் ஏடுகள் உள்ளன என்னும் செய்திகள் அங்கு வந்து சேர்ந்தன. பிற்காலத்தில் சாமிநாதையர் ஓர் ஊருக்கு எழுத வேண்டுமானால் யார் பெயருக்கு எழுதுவது என்பதை அறிந்திருந்ததற்கு இந்தப் பழக்கமே அடிப்படையாகும்.

1880ஆம் ஆண்டு தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது அவருடைய முயற்சியால் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியர் பணி சாமிநாதையருக்குக் கிடைத்தது. மாதச் சம்பளம் 50 ரூபாய்.

அக்காலத்து அஞ்சல்

இக்கடிதத் தொடர்பு நடைபெறக் காரணமாக இருந்த அஞ்சல் ஏற்பாட்டைச் சுருக்கமாகக் குறிப்பிடுதல் தகும். 1854ஆம் ஆண்டு முதல் இந்தியாவுக்குள் தொலைவைக் கணக்கிடாமல் எடையை மட்டும் கணக்கிட்டு அஞ்சல் கட்டணம் பெறும் முறை நடைமுறைக்கு வந்தது. குறைந்த எடையுள்ள கடிதம் அரையணாவுக்குச் சென்றது. கும்பகோணத்திலிருந்து பக்கத்து ஊருக்கும் திருநெல்வேலிக்கும் ஒரே கட்டணம் என்பது, நாடெங்கும் சிதறிக் கிடந்த சுவடிகளைத் தேடும் ஒருவருக்குப் பெரிய வசதி.

அஞ்சலட்டை 1869ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் ஆத்திரியா-அங்கேரியில் முதன்முதலாக வெளியிடப்பட்டது. 1874இல் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் அஞ்சல் ஒன்றியம் அமைக்கப்பட்டது. இந்தியா 1876ஆம் ஆண்டு சூலை 1 முதல் அதில் உறுப்பு நாடாயிற்று. சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, 1879 சூலை 1 அன்று, இந்தியாவில் காலணா விலையில் அஞ்சலட்டை விற்பனைக்கு வந்தது. மக்கள் இதனைக் கார்டு என்றே அழைத்தனர். சாமிநாதையர் கல்லூரிப் பணியில் சேர்ந்தது இதற்கு அடுத்த ஆண்டு. கொடுத்து வைத்த காலப் பொருத்தம் என்றே இதைச் சொல்ல வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன் அவர் இம்முயற்சியைத் தொடங்கியிருந்தால் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் ஆளை அனுப்ப வேண்டியிருந்திருக்கும்.

சீவக சிந்தாமணி

1880ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று சாமிநாதையர் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள், கோவைகள் ஆகியவற்றின் நீண்ட பட்டியலைச் சொன்னபோது முதலியார் வியப்படையவில்லை. இவற்றுக்கெல்லாம் முற்பட்ட நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். அந்நூல்களின் பெயர்களைக்கூடச் சாமிநாதையர் சரியாக அறிந்திருக்கவில்லை. பின்னர் முதலியார் கொடுத்த சீவக சிந்தாமணிப் பிரதியே அவருடைய வாழ்க்கையின் போக்கை மாற்றியது.

திருத்தக்கதேவர் இயற்றிய சிந்தாமணி ஒரு சமணக் காப்பியம். நச்சினார்க்கினியர் உரையுடன் படித்தபோதும் சமண சமயக் கருத்துகள் சைவ மடத்தில் பயின்ற ஆசிரியருக்கு விளங்கவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணக் குடும்பத்தினரை நாடிச் சென்று கேட்டறிந்தார். அவர்களுள் சந்திரநாத செட்டியாரும், திண்டிவனம் பகுதியைச் சேர்ந்த வீடூர் அப்பாசாமி நயினாரும் குறிப்பிடத்தக்கவர்கள். அச்சமணர்களுக்குச் சிந்தாமணி இறந்துபோன நூலாக இருக்கவில்லை. அவர்கள் அதனைப் பாராயண நூலாகப் போற்றி வந்தனர். தமிழ்ப் புலவர்கள் மறந்துவிட்ட ஒரு காப்பியம் பக்கத்துத் தெருவில் உயிரோடு இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

ஏடுகளைத் தேடும் கடிதங்கள் இக்காலத்தில் தொடங்கின. ஒரே செய்யுள் ஒவ்வொரு சுவடியிலும் ஒவ்வொரு விதமாக இருந்தமையால் கிடைக்கும் சுவடிகள் எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டியிருந்தது. ஓலையில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடும் வழக்கம் இல்லை. குறில் நெடில் வேறுபாடும் தெளிவாக இராது. ஆகவே ஒரு சொல்லை உறுதிப்படுத்தப் பல ஊர்ச் சுவடிகள் தேவைப்பட்டன. சுவடி வைத்திருப்பவர்களுக்கு நேரடியாக எழுதியும், அவர்களை அறிந்தவர்கள் வழியாக எழுதச் செய்தும் பிரதிகளைப் பெற்றார். சிலர் ஏட்டையே அனுப்பினர். சிலர் நேரில் வந்தால் காட்டுவதாகத் தெரிவித்தனர்.

அச்சு வேலை சென்னையில் நடந்தது. கல்லூரி விடுமுறைகளில் மட்டுமே சாமிநாதையரால் சென்னையில் தங்க முடிந்தது. மற்ற நாட்களில் அச்சுத் தாள்கள் அஞ்சலில் கும்பகோணத்துக்கு வந்து, திருத்தம் பெற்றுத் திரும்பிச் சென்றன. சென்னையில் இருந்தபடி அச்சுத் திருத்தத்தில் உதவியவர்களுள் பிள்ளையின் மாணவரான சோடசாவதானம் சுப்பராய செட்டியாரும் ஒருவர். செலவுக்கு முன்கூட்டியே கையொப்பம் வாங்கும் முறை பின்பற்றப்பட்டது. அதாவது, நூல் வெளிவந்ததும் வாங்கிக்கொள்வதாக அன்பர்கள் ஒப்புக்கொண்டு எழுதித் தருவார்கள். இதற்கும் கடிதங்களே வழி. இலங்கையிலிருந்து பொ. குமாரசாமி முதலியார் எழுதி ஆதரவளித்தார்.

இதே காலத்தில் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832 - 1901) பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்து வந்தார். வீரசோழியம், கலித்தொகை முதலியவற்றை அச்சேற்றியவர் இவரே. சிந்தாமணியைத் தாமும் பதிப்பிக்க எண்ணியிருந்தார். இதனால் இருவருக்குமிடையே ஒரு சங்கடமான நிலை உண்டாயிற்று. மூத்தவரும் செல்வாக்குள்ளவருமான ஒருவர் கேட்கும்போது பல ஆண்டுகள் உழைத்துத் தொகுத்த குறிப்புகளைக் கொடுப்பதா மறுப்பதா என்று சாமிநாதையர் தடுமாறினார். முடிவில் தம் பதிப்பைத் தாமே வெளியிடுவதென்று உறுதிகொண்டார். 1887ஆம் ஆண்டு சிந்தாமணி வெளிவந்தது. தாமோதரம்பிள்ளையின் கலித்தொகையும் அதே ஆண்டில் வெளிவந்தது. பிற்காலத்தில் இருவருள் யார் பெரியவர் என்று வாதிட்டவர்கள் பலர். தமிழ் படிப்பவர்களுக்கு இரண்டு நூல்களுமே தேவைப்பட்டன.

பத்துப்பாட்டும் மரக்காணம் கடற்கரையும்

சிந்தாமணியை அடுத்துச் சாமிநாதையர் மேற்கொண்டது பத்துப்பாட்டு. இதற்கு நல்ல பிரதி கிடைப்பது மேலும் கடினமாக இருந்தது. சில சுவடிகளில் உரை மட்டும் இருந்தது; மூலம் தனியே இல்லை. குறிஞ்சிப்பாட்டில் மலர்களின் பெயர்கள் அடுக்கிவரும் பகுதியில் சில பெயர்கள் விடுபட்டிருந்தன. அவை தருமபுரம் ஆதீனத்துச் சுவடி ஒன்றில் கிடைத்தன. திருநெல்வேலிப் பகுதியில் கவிராயர்களின் வீடுகளில் தேடியபோது, ஆழ்வார்திருநகரியில் இலட்சுமண கவிராயர் வழியாக ஓர் அரிய பிரதி கிடைத்தது. பத்துப்பாட்டு நச்சினார்க்கினியர் உரையுடன் 1889ஆம் ஆண்டு வெளிவந்தது.

இப்பதிப்பால் வெளிச்சம் பெற்ற இடங்களுள் ஒன்று மரக்காணம் கடற்கரை. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை 269 அடிகளைக் கொண்டது. இதனைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு என்பது மரக்காணத்துக்கு வடக்கே கடலோரமாக அமைந்த பகுதி. பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனது கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. பரிசு பெற்ற பாணன் பரிசு பெறாத பாணனுக்கு வழி சொல்லும்போது முதலில் குறிப்பிடும் ஊர் எயிற்பட்டினம். இதனை மரக்காணம் என்று ஆய்வாளர்கள் பலர் கொள்கின்றனர். கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்புளுசு குறிப்பிடும் சோபட்மா என்னும் துறைமுகமும் இதுவே என்று கருதுவோர் உண்டு. அடுத்து வரும் வேலூர், மரக்காணத்தின் அருகிலுள்ள உப்புவேலூர் என்று கொள்ளப்படுகிறது.

எயிற்பட்டினத்தைப் பற்றிய பகுதி சுவையானது. கடல் அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள், உறங்கும் ஒட்டகங்கள் போலக் கரையில் கிடக்கின்றன. நுளையர் மகளிர் அவற்றை விறகாக எரித்து மதுவைக் காய்ச்சுகின்றனர். வரும் பாணனுக்கு அம்மதுவும் சுட்ட மீனும் கிடைக்கும். தொலைவிலிருந்து மிதந்துவந்த விலையுயர்ந்த மரம் அடுப்பெரிக்கப் பயன்பட்டது என்பது அக்கடற்கரை எத்தகைய தொடர்புகளைக் கொண்டிருந்தது என்பதைக் காட்டுகிறது. இதே பாட்டில் பாண்டிய நாட்டுக் கொற்கையைப் பற்றிய பகுதியில் உப்பு வணிகர்களான உமணரின் வண்டிகளும், அவற்றுடன் வந்து உமணர் பிள்ளைகளோடு விளையாடும் மந்தியும் வருகின்றன. மரக்காணத்தின் உப்பளங்களைக் கண்டவர்களுக்கு அவ்வண்டிகளைக் கற்பனை செய்துகொள்வது எளிது.

விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த மரக்காணத்தில் உப்பு விளைச்சல் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நடைபெறுகிறது. கடலோரமாக வடக்கே ஆந்திரம் வரை செல்லும் பக்கிங்காம் கால்வாயின் தென்முனை இப்பகுதியில் உள்ளது. பாத்தி கட்டி உப்பு வாரும் மக்களின் ஊரைப் பற்றி இத்தனை பழைமையான ஒரு பாட்டு இருந்தும், 1889க்கு முன் அது சில மடங்களிலும் கவிராயர் வீடுகளிலும் மட்டுமே இருந்தது. பெரும்பாலும் அச்சுவடிகள் காவிரிக் கரையிலும் பொருநைக் கரையிலும் கிடைத்தன. ஒரு கடற்கரையின் நினைவு அதற்கு நூற்றுக்கணக்கான கல் தொலைவில், தொடர்பில்லாத வீடுகளின் பரண்களில் தங்கியிருந்தது. சாமிநாதையர் எழுதிய கடிதங்களின் பயனை அளக்க இதுவே போதிய சான்று.

அஞ்சல் துறையிலேயே பணியாற்றிய ஒருவர் இம்முயற்சிக்கு உதவியதும் இங்குக் குறிப்பிடத்தக்கது. யாழ்ப்பாணத்து மல்லாகத்தைச் சேர்ந்த விசுவநாத பிள்ளையின் மகனாகச் சென்னையில் பிறந்த வி. கனகசபைப் பிள்ளை (1855 - 1906), அஞ்சல் துறையில் கண்காணிப்பாளராக இருந்தார். அப்பாவுப் பிள்ளை என்பவரைத் தமிழ்நாட்டின் பல இடங்களுக்கும் அனுப்பிச் சுவடிகளைத் தேடிப் படியெடுக்கச் செய்தார். அவ்வாறு சேர்த்தவற்றைச் சாமிநாதையரின் பதிப்புப் பணிக்குக் கொடுத்து உதவினார். பழந்தமிழர் வாழ்வு குறித்து ஆங்கிலத்தில் கனகசபைப் பிள்ளை எழுதிய ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழகம் என்னும் பொருளுடைய நூல் 1904இல் வெளிவந்தது.

பாரிசிலிருந்து வந்த கடிதம்

சிந்தாமணி வெளிவந்த பின், சிலப்பதிகாரப் பணி நடந்துகொண்டிருந்த காலத்தில், பாரிசிலிருந்து ஒரு கடிதம் கும்பகோணத்துக்கு வந்தது. எழுதியவர் சூலியன் வின்சோன் (1843 - 1926) என்னும் பிரெஞ்சுக்காரர். கடிதம் தமிழில் இருந்தது. சாமிநாதையருக்கு ஆங்கிலப் பயிற்சி இல்லை. பிரெஞ்சு மொழியும் தெரியாது. ஐரோப்பாவுக்கு அவர் சென்றதுமில்லை. ஆகவே முகமறியாத ஓர் ஐரோப்பியர் தமிழிலேயே எழுதியிராவிட்டால் இத்தொடர்பு ஏற்பட்டிருக்குமா என்பது ஐயமே.

வின்சோனின் தந்தையார் பிரெஞ்சிந்தியாவில் நீதிபதியாக இருந்தவர். வின்சோன் காரைக்காலில் வளர்ந்து இளமையிலேயே தமிழ் கற்றார். பிரான்சு திரும்பிய பின் வனத்துறையில் பணியாற்றினார். பாசுக்கு மொழி ஆய்விலும் ஈடுபட்டார். பின்னர்ப் பாரிசிலுள்ள கீழைத்தேய மொழிகள் பள்ளியில் தமிழ் கற்பித்தார். காடுகளைப் பார்வையிடும் வேலை, பாசுக்கு இலக்கணம், தமிழ்க் காப்பியம் ஆகிய மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தது வியப்புக்குரியது.

சிந்தாமணிப் பதிப்பைக் கண்டு மகிழ்ந்த வின்சோன், பாரிசு தேசிய நூலகத்தில் உள்ள தமிழ்ச் சுவடிகளைப் பற்றிய செய்திகளைத் தெரிவித்தார். அச்சுவடிகளில் பெரும்பகுதி எதுவார் அரியேல் (1818 - 1854) என்பவர் சேர்த்தவை. புதுச்சேரியில் பிரெஞ்சு அரசின் அலுவலராக இருந்த அரியேல், திருக்குறளில் ஈடுபாடு கொண்டு தமிழ் நூல்களைத் தொகுத்தவர். இளமையிலேயே புதுச்சேரியில் இறந்தார். அவர் தொகுத்த சுவடிகள் கப்பலேறிப் பாரிசு சென்றன. கும்பகோணத்துக்கு அருகில் கிடைக்காத ஒரு பாடம் கடல்கடந்த நூலகம் ஒன்றில் கிடைக்கலாம் என்னும் எண்ணம் அன்றைய தமிழ்ப் புலவர்களுக்குப் புதியது. சாமிநாதையர் உடனே மறுமொழி எழுதினார். அங்குள்ள நூல்களைப் பற்றி மேலும் வினவினார். இவ்வாறு தொடங்கிய நட்பு பல ஆண்டுகள் கடிதங்கள் வழியாகவே நிலைத்தது.

சிலப்பதிகாரம் 1892ஆம் ஆண்டிலும், மணிமேகலை 1898ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. மணிமேகலைக்குப் பௌத்த சமயக் கருத்துகளை அறிய வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் அச்சமயத்தைக் கற்றவர் யாரும் அருகில் இல்லை. கும்பகோணம் கல்லூரியில் பேராசிரியராக இருந்த மளூர் அரங்காசாரியார் ஐரோப்பிய அறிஞர்களின் ஆங்கில நூல்களைப் படித்துப் பொருள் சொன்னார். சமண நூலுக்குப் பக்கத்துத் தெருவும் பௌத்த நூலுக்கு ஐரோப்பாவும் உதவின.

வின்சோன் 1900ஆம் ஆண்டு பாரிசில் வெளியிட்ட பௌத்த, சமணக் கதைகள் பற்றிய நூல் இரண்டு தொகுதிகளைக் கொண்டது. தமிழ்க் காப்பியங்களின் கதைகளை அது பிரெஞ்சு வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியது. தமிழ் கற்போருக்காக அவர் எழுதிய இலக்கணக் கையேடு 1903இல் வெளிவந்தது. இந்நூல்களுக்குக் கும்பகோணத்துப் பதிப்புகளும் துணைநின்றன.

போப்பும் பிறரும்

புறநானூறு 1894ஆம் ஆண்டு வெளிவந்தது. தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் சமயப்பணியும் கல்விப்பணியும் செய்து இங்கிலாந்து திரும்பிய ஜி. யு. போப் (1820 - 1908), அப்போது ஆக்சுபோர்டில் வாழ்ந்து வந்தார். புறநானூற்றுப் பதிப்பு அவரை மிகவும் கவர்ந்தது. அதன் பாடல்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். புறநானூறு, புறப்பொருள் வெண்பாமாலை ஆகியவற்றின் பகுதிகள் 1899ஆம் ஆண்டு இலண்டன் அரச ஆசியக் கழகத்தின் இதழில் வெளியாயின. புறப்பொருள் வெண்பாமாலையையும் சாமிநாதையர் 1895இல் பதிப்பித்திருந்தார் என்பதை இங்கு நினைவுகொள்ளலாம். போப்பின் திருவாசக மொழிபெயர்ப்பு 1900ஆம் ஆண்டு, அவரது எண்பதாம் வயதில் வெளிவந்தது. போப்பும் சாமிநாதையரும் கடிதங்கள் வழியாகவே பழகினர்.

உள்நாட்டில் எழுதியவர்களின் பட்டியல் நீளமானது. திருவனந்தபுரத்திலிருந்து மனோன்மணீயம் ஆசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை எழுதினார். சாமிநாதையர் பிறந்த அதே 1855இல் பிறந்த அவர் 1897இலேயே மறைந்தார். ஆதீனத் தலைவர்கள், சமீன்தார்கள், கல்லூரி ஆசிரியர்கள் ஆகியோருடன், வேறெங்கும் பெயர் பதிவாகாத வாசகர்களும் எழுதினர். சிலர் பாராட்டினர். சிலர் பிழை சுட்டினர். சிலர் தம்மிடமுள்ள ஏட்டில் வேறு பாடம் இருப்பதாகத் தெரிவித்தனர். சாமிநாதையரின் பதிப்புகள் இரண்டாம், மூன்றாம் முறை வெளிவந்தபோது திருத்தமும் விரிவும் பெற்றமைக்கு இவ்வகைக் கடிதங்களும் காரணம்.

காலம் கடந்த தேடல்கள்

எல்லாத் தேடல்களும் பயன் தரவில்லை. கரிவலம்வந்தநல்லூரில் வரதுங்கராம பாண்டியரின் சுவடிகள் கோயிலைச் சேர்ந்தவர்களிடம் இருப்பதாக அறிந்து சென்றபோது, பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்துத் தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். பழைய ஏடுகளை அவ்வாறு செய்ய வேண்டும் என்பது சாத்திரம் என்று அவர்கள் நம்பியிருந்தனர். வேறு சில வீடுகளில் ஆடிப்பெருக்கு நாளில் ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கம் இருந்தது. இவை எவருடைய தீய எண்ணத்தாலும் நடந்தவை என்று கூற இயலாது. படிக்கத் தெரிந்தவர் இல்லாமற்போன வீட்டில் ஏடு ஒரு புனிதமான சுமையாக இருந்தது; அதனை மரியாதையோடு அகற்ற அவர்கள் அறிந்த வழி அதுவே.

வளையாபதியின் கதை இன்னும் வருத்தத்துக்குரியது. திருவாவடுதுறையில் மாணவராக இருந்த காலத்தில் அந்நூலின் சுவடியைச் சாமிநாதையர் பார்த்திருந்தார். அப்போது பழங்காப்பியங்களில் அவருக்கு ஈடுபாடு இல்லை. பதிப்பாசிரியரான பின்னர் அதனைத் தேடியபோது அது அங்கு இல்லை. பல இடங்களில் தேடியும் கிடைக்கவில்லை. ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் இன்று சில செய்யுள்களாக மட்டுமே எஞ்சியுள்ளன.

சென்னை வாழ்க்கையும் இறுதிக் காலமும்

1903ஆம் ஆண்டு சாமிநாதையர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பட்டார். அதே ஆண்டு ஐங்குறுநூறும், அடுத்த ஆண்டு பதிற்றுப்பத்தும் வெளிவந்தன. 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டம் வழங்கப்பட்டது. 1919இல் ஓய்வு பெற்றார். 1924 முதல் 1927 வரை சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தார். பரிபாடல் (1918), பெருங்கதை (1924), குறுந்தொகை (1937) ஆகியவை பிற்காலப் பதிப்புகளுள் முக்கியமானவை. சென்னைப் பல்கலைக்கழகம் 1932இல் டாக்டர் பட்டம் வழங்கியது.

திருவல்லிக்கேணியில் வாங்கிய இல்லத்துக்குத் தமக்கு வேலை வாங்கித் தந்த தியாகராச செட்டியாரின் நினைவாகத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். அவ்வீடு 2012இல் இடிக்கப்பட்டது. ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக 1933, 1934ஆம் ஆண்டுகளில் எழுதி வெளியிட்டார். மீனாட்சிசுந்தரம் பிள்ளை எழுதியனவும் பெற்றனவுமான கடிதங்கள் அந்நூலில் சான்றுகளாகச் சேர்க்கப்பட்டுள்ளன. தமிழில் ஒரு புலவரின் வாழ்க்கையைக் கடிதங்களைக் கொண்டு எழுதும் முறை அதற்கு முன் அரிது. தம் வரலாற்றை என் சரித்திரம் என்னும் பெயரில் 1940 முதல் ஆனந்த விகடன் இதழில் எழுதினார். அது முற்றுப்பெறவில்லை, 1950இல் நூலாக வெளிவந்தது.

இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல், குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சென்னை மக்கள் பலர் ஊரைவிட்டு வெளியேறினர். சாமிநாதையரின் குடும்பம் திருக்கழுக்குன்றத்துக்குச் சென்றது. அங்கே ஏப்ரல் 28 அன்று தமது 87ஆம் வயதில் அவர் காலமானார்.

கடிதத் தொகுப்பு

சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைப் பாதுகாத்து வைத்தார். சுவடிகளைச் சேர்த்த அதே கவனம் கடிதங்களைச் சேர்ப்பதிலும் இருந்தது. 1943ஆம் ஆண்டு உருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் அவருடைய பெயரில் நூல்நிலையம் நிறுவப்பட்டபோது, ஓலைச்சுவடிகளுடனும் அச்சுநூல்களுடனும் ஆயிரக்கணக்கான கடிதங்களும் அதன் உடைமையாயின. சென்னை பெசன்ட் நகரில் அந்நூல்நிலையம் அமைந்துள்ளது. வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் கடிதக் கருவூலம் என்னும் நூலின் முதல் தொகுதி, 1877 முதல் 1900 வரை வந்த கடிதங்களைக் கொண்டு 2018இல் வெளிவந்தது. இவை பெரும்பாலும் அவருக்கு மற்றவர்கள் எழுதியவை. அவர் மற்றவர்களுக்கு எழுதியவை அந்தந்த வீடுகளுக்குச் சென்றுவிட்டமையால், உரையாடலின் ஒரு பக்கமே பெரும்பாலும் ஓரிடத்தில் கிடைக்கிறது. மறுபக்கத்தை மறுமொழிகளிலிருந்து ஊகிக்க வேண்டியுள்ளது.

இந்திய அஞ்சல் துறை 2006ஆம் ஆண்டு சாமிநாதையரின் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.